இஸ்மிக் ஏஹ்? எகிப்து, ஜோர்டான் பயணக் குறிப்புகள்

முதல் நாள், கெய்ரோ

விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் டாக்ஸிக்காரர் கேட்ட முதல் கேள்வி, "ராய்ஹா ஃபேன், யா மதாம்?" ராய்ஹா என்றால் போகிறவள். ஃபேன் என்றால் எங்கே. "போறது எங்கே?" என்கிற வரிசை.

பதினான்கு வருடம் குவைத்தில் நர்ஸாக வேலை பார்த்தவள் நான். அங்கே இதே கேள்வி "வேன் ராய்ஹா?" என்று வரும். எங்கே முதலில், போவது அடுத்து. வேனும் ஃபேனும் கிட்டத்தட்ட ஒரே சொல்தான், ஆனால் உட்காரும் இடம் மாறிவிட்டது. அதனால் ஒரு நொடி எனக்குப் பதில் வரவில்லை. காது வாக்கியத்தின் தொடக்கத்தில் கேள்வியைத் தேடிக்கொண்டிருக்க, அவர் அதைக் கடைசியில் வைத்துவிட்டார்.

ஹோட்டலில் வரவேற்பில் இருந்த பையன் என் மகளிடம் "இஸ்மிக் ஏஹ்?" என்று கேட்டான். இஸ்மிக் என்றால் உன் பெயர், ஏஹ் என்றால் என்ன. அர்த்தம் சொன்னதும் அவள், "அம்மா, நம்ம மாதிரியே கேக்குறாங்க. உன் பேர் என்ன, அப்படியே இருக்கு" என்றாள். குவைத்தில் ஒரு பெண்ணிடம் இதைக் கேட்டால் "ஷிஸ்மிச்?" என்பார்கள். 'என்ன' என்பது 'ஷ்' என்று சுருங்கிப் பெயருக்கு முன்னால் போய் ஒட்டிக்கொள்ளும். எனக்கு அது பழகிப் பழகி, அரபி என்றாலே கேள்விச் சொல் முன்னால்தான் என்று நினைத்திருந்தேன்.

இந்தப் பயணம் எதற்கு என்று ஊரில் எல்லோரும் கேட்டார்கள். இங்கே எழுதிவிடுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் இரண்டு வருடம் என்னிடம் இருந்தது கடைத்தெரு அரபிதான். வளைகுடாவுக்குப் போன நம் ஆட்கள் எல்லோருக்கும் அது தெரியும். "அனா மாஃபி மாலூம்", "இன்தா ரூஹ் ஸீதா". எனக்குத் தெரியாது, நீ நேரே போ. அந்த ஸீதாகூட இந்தியிலிருந்து அரபிக்குப் போன சொல். அப்புறம் நோயாளிகளிடமிருந்து குவைத் பேச்சு பிடிபட்டது. பிடிபட்டுவிட்டது என்று நான் நம்பிய காலத்தில்தான் அது நடந்தது.

எகிப்தைச் சேர்ந்த பெரியவர் ஒருவர், ரத்த அழுத்தத்துக்காக வந்து படுத்திருந்தார். வீட்டில் மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்டேன். "பாகுத் இத்தவா இஸ்ஸுப்ஹ், யா பின்தி" என்றார். தவா மருந்து, ஸுப்ஹ் காலை, பின்தி என் மகளே. எங்கள் வார்டில் 'பாகித்' என்றால் 'எடுத்துக்கொள்வேன்'. குவைத் பேச்சில் வினைக்கு முன்னால் வரும் 'ப' எதிர்காலம். 'அபி', அதாவது வேண்டும் என்ற சொல் தேய்ந்து அப்படி ஆனது என்பார்கள். ஆகவே 'காலையில் எடுத்துக்கொள்வேன்' என்கிறார், இன்னும் மருந்தைத் தொடங்கவே இல்லை என்று புரிந்துகொண்டு அப்படியே கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டேன்.

கெய்ரோ பேச்சில் அந்த 'ப' எதிர்காலம் இல்லை. வழக்கமாகச் செய்வதைச் சொல்வது அது. எதிர்காலம் என்றால் 'ஹாகுத்' என்று 'ஹ' வரும். அவர் சொன்னது, "தினமும் காலையில் எடுத்துக்கிட்டுத்தாம்மா இருக்கேன்." வருடக்கணக்காகச் சாப்பிட்டு வந்த மருந்தை நான் தொடங்காத மருந்தாக எழுதியிருந்தேன். விடியற்காலை ரவுண்ட்ஸுக்கு வந்த எகிப்து டாக்டர் அவரிடம் இரண்டு வார்த்தை பேசியதுமே தவறைப் பிடித்துவிட்டார். அந்தப் பெரியவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருக்கலாம் என்ற நினைப்பு மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. ஒரு எழுத்து. அன்றிலிருந்துதான் யார் பேசினாலும் என்ன சொல் என்பதோடு, எந்த ஊர் வாக்கியம் என்றும் கவனிக்க ஆரம்பித்தேன். வேலையை விட்டதும் அந்த ஊர்களுக்கே போய்க் கேட்க வேண்டும் என்று அப்போதே நினைத்தது. இப்போதுதான் முடிந்தது.

இரண்டாம் நாள், கெய்ரோ

காலையில் பாப் அல்லூக் பக்கம் ஒரு சந்தில் ஆரஞ்சு வாங்கினோம். எனக்கு முன்னால் நின்ற அம்மா ஒரு பழத்தைக் கையில் எடுத்து அழுத்திப் பார்த்தபடியே, "இல்புர்துஆன் தா பிகாம்?" என்றார். ஆரஞ்சு, இது, எவ்வளவுக்கு. குவைத்தில் இதைக் கேட்டால் "பிச்சம் ஹல்புர்துகால்?" எவ்வளவுக்கு, இந்த, ஆரஞ்சு. அதே மூன்று துண்டு, தலைகீழாக. கெய்ரோவில் பிகாம் முன்னால் வருவதும் உண்டு, கடைக்காரரே பிறகு அப்படிச் சொன்னார். ஆனால் 'இந்த' என்கிற 'தா' மட்டும் பெயருக்குப் பின்னால்தான் நிற்கிறது. வீடு இது, பையன் இது, தெரு இது. நமக்கு 'இந்த வீடு' என்றுதான் வாய் வரும். அரபு நாடுகளில் பெரும்பாலான ஊர்களிலும் அப்படித்தான் 'இந்த' முன்னால் வரும். எகிப்தும் அதற்குத் தெற்கே சூடானும் தனி.

கேள்விச் சொல்லைக் கடைசியில் வைப்பது, எகிப்தில் அரபி வருவதற்கு முன் பேசிய காப்டிக் மொழியின் மிச்சம் என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். மறுப்பவர்களும் இருக்கிறார்கள். 'தா' விஷயத்தில் எனக்கு மறுப்பவர்கள் பக்கம்தான் நியாயம் படுகிறது. காப்டிக்கில் 'இந்த' பெயருக்கு முன்னால்தான் வரும், பின்னால் அல்ல. எல்லாவற்றையும் பழைய மொழியின் தலையில் கட்டிவிட முடியாது.

சாயங்காலம் ஒரு காப்பிக்கடை. டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. செய்தி வாசிப்பவர், "வஸல அல்வஸீரு..." என்று தொடங்கினார். வந்தடைந்தார் அமைச்சர். ஃபுஸ்ஹா எனப்படும் எழுத்து அரபியின் நடை அது, வினை முதலில். பக்கத்து மேஜையில் தாவ்லா என்ற பகடைப் பலகை விளையாட்டு ஆடிக்கொண்டிருந்த ஒருவர் தலையைத் தூக்காமல், "என்ன சொல்றான்?" என்கிற மாதிரி ஏதோ கேட்டார். டீ கொண்டுவந்த பையன், "இல்வஸீர் விஸில்" என்றான். அமைச்சர் வந்துட்டார். ஆள் முதலில், வினை அடுத்து. டிவிக்கும் மேஜைக்கும் நடுவில் நாலு அடி தூரம்தான். அதற்குள் அந்தப் பையன் வாக்கியத்தைப் பிரித்து அடுக்கி வைத்துவிட்டான். அது பெரிய வேலை என்று அவனுக்கே தெரியாது. நாம் வானொலிச் செய்தியைக் கேட்டுவிட்டு வீட்டுப் பாட்டிக்குச் சொல்வதும் இதே வேலைதானே.

மூன்றாம் நாள், கீஸா

பிரமிடுகள். மகள் முந்நூறு படம் எடுத்தாள். அதைப் பற்றி எழுத மற்றவர்கள் இருக்கிறார்கள்.

திரும்பும்போது ஃபைஸல் தெருவில் இறங்கினோம். 2023 ஏப்ரலில் சூடானில் போர் தொடங்கிய பிறகு அங்கிருந்து வந்த குடும்பங்கள் நிறையப் பேர் இந்தப் பக்கம் வாழ்கிறார்கள். கடைப் பலகைகளிலேயே தெரிகிறது. ஒரு சின்ன டீக்கடையில் உட்கார்ந்தோம். கடைக்கார அம்மா கேட்டார், "தாய்ரா ஷினூ, யா காலா?"

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. 'ஷினூ' எங்கள் குவைத் சொல். என்ன என்று கேட்க அங்கே தினமும் காதில் விழும். கெய்ரோக்காரர்கள் 'ஏஹ்' என்பதை இவர் 'ஷினூ' என்கிறார். ஆனால் குவைத்தில் 'என்ன' முன்னால் வந்து 'ஷ்தபீன்?' என்று ஒட்டிக்கொள்ளும். இவரோ 'வேணும் என்ன' என்று கெய்ரோக்காரர்கள் மாதிரி கடைசியில் வைத்தார். சொல் ஒரு கரையிலிருந்து, அது உட்காரும் இடம் இன்னொரு கரையிலிருந்து. பெயரைக் கேட்டபோதும் அப்படித்தான். "இஸ்மிக் மினூ?" உன் பெயர் யார் என்று கேட்கிறார். சூடானில் பெயருக்கு 'என்ன' இல்லை, 'யார்'. பெயரும் ஒரு ஆள்தான் என்பது போல.

அந்த அம்மாவின் ஊர் ஓம்துர்மான். "இங்கே நாங்கள் பேசினால் எல்லாருக்கும் புரிகிறது. ஆனால் வாயைத் திறந்த உடனே நாங்கள் யார் என்றும் தெரிந்துவிடுகிறது" என்றார். டீக்குக் காசு வாங்க மறுத்தார். மகள் வற்புறுத்திக் கொடுத்துவிட்டு வந்தாள்.

நான்காம் நாள், லக்ஸர் போகும் ரயில்

ரயில் லக்ஸர் போய்ச் சேரப் பத்து மணி நேரம். எதிர் இருக்கையில் ஓய்வு பெற்ற அரபி ஆசிரியர் ஒருவர், மனைவியுடன். மேல் எகிப்து, அதாவது நாட்டின் தெற்குப் பகுதி ஆட்கள். கெய்ரோவில் விழுங்கிவிடும் எழுத்தை இவர்கள் 'க' என்று அழுத்திச் சொல்கிறார்கள். கெய்ரோவில் 'ஆல்', இங்கே 'கால்'. இரண்டுக்கும் 'சொன்னான்' என்றுதான் பொருள்.

நான் அரபி பேசுவது அவருக்கு மகிழ்ச்சி. ஆனால் தெருப்பேச்சான ஆம்மிய்யாவைக் கேட்டுத் திரிகிறேன் என்றதும் முகம் சுருங்கியது. ஃபுஸ்ஹா படியுங்கள், அதற்குத்தான் கெய்ரோவில் 1932-லிருந்து அரபு மொழிக் கழகம் இருக்கிறது என்றார். அப்புறம் சொன்னார்: "இல்ஆம்மிய்யா மால்ஹாஷ் கவாஇத்." பேச்சு மொழிக்கு இலக்கணம் கிடையாது.

அந்த வாக்கியத்தை என் நோட்டில் எழுதி அவரிடமே காட்டினேன். மால்ஹாஷ். இதைப் பிரித்தால் மா, ல், ஹா, ஷ். இல்லை, க்கு, அவள், பிறகு அந்த 'ஷ்'. மாவும் ஷும் இரண்டு பக்கமும் கதவு மாதிரி நின்று நடுவில் உள்ளதை மூடுகின்றன. வினைச்சொல்லை இப்படி மூடலாம். மாஷுஃப்திஷ், நான் பார்க்கவில்லை. 'என்னிடம்', 'அதற்கு', 'இருக்கிறது' போன்றவற்றையும் மூடலாம். மாஅன்தீஷ், என்னிடம் இல்லை. மாஃபீஷ், இல்லவே இல்லை. ஆனால் 'நல்ல' என்ற குவையிஸ் சொல்லை இப்படி மூட முடியாது. அதற்கு 'மிஷ் குவையிஸ்' என்று முன்னால் 'மிஷ்' மட்டும்தான். எந்த எகிப்துக் குழந்தையும் இதைத் தப்பாகச் சொல்லாது. பள்ளிக்கூடத்தில் யாரும் கற்றுக்கொடுத்ததும் இல்லை.

"நீங்கள் இலக்கணம் இல்லை என்று சொன்ன வாக்கியத்திலேயே எவ்வளவு இலக்கணம் பாருங்கள், உஸ்தாத்" என்றேன்.

அவர் நோட்டை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். கோபித்துக்கொள்வாரோ என்று பயந்தேன். அவர் மனைவிதான் முதலில் பேசினார். "முப்பது வருடமாக என்னிடம் அவர் பேசியது இந்தப் பாஷைதான்" என்றார். அப்புறம் ஆசிரியர் பேனாவை எடுத்து, என் எழுத்தில் இரண்டு இடத்தில் திருத்தினார். ஹா நெடில் என்று குறித்துக் கொடுத்தார். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை, ஆனால் லக்ஸர் வரும்வரை ஒவ்வொரு ஊரிலும் 'இல்லை' எப்படிச் சொல்வார்கள் என்று நினைவுபடுத்திச் சொல்லிக்கொண்டே வந்தார்.

மகள் இரவில் கேட்டாள், "அம்மா, அவரே தன் பேச்சைத் தப்புன்னு ஏன் நினைக்கிறார்?" நம் வீட்டில் திருநெல்வேலித் தாத்தா மேடையில் பேசும்போது வேறு தமிழ் பேசுவாரே, வீட்டுக்கு வந்ததும் 'ஏல' என்பாரே, அதை நினைவூட்டினேன். தாத்தாவும் வீட்டுப் பேச்சைக் 'கொச்சை' என்றுதான் சொல்வார். சொல்லும்போதே கொச்சையில்தான் சொல்வார்.

ஐந்தாம் நாள், லக்ஸர்

கர்னாக் கோயில். தூண்களுக்கு நடுவே நின்றால் பேச்சு வரவில்லை. கால் வலி. சீக்கிரம் தூங்கிவிட்டோம்.

ஆறாம் நாள், அம்மான்

கெய்ரோவிலிருந்து விமானம் ஏறி அம்மானில் இறங்கினால் 'எங்கே' மறுபடி முன்னால் வந்துவிட்டது. "வேன் ராய்ஹீன்?" என்கிறார் டிரைவர். 'இந்த'வும் முன்னால் வந்தாயிற்று.

பழைய நகரில் ஒரு மளிகைக்கடை. நான் நீட்டியது பெரிய நோட்டு. கடைக்காரர், "மஈஷ் ஃப்ராதா" என்று கையை விரித்தார். மஈ, என்னிடம். ஃப்ராதா, சில்லறை. கெய்ரோவில் ஃபக்கா, குவைத்தில் குர்தா. மூன்று ஊரிலும் இல்லாத பொருள் ஒன்றுதான். ஆனால் நான் பிடித்துக்கொண்டது சில்லறையை அல்ல, அவர் சொன்ன 'இல்லை'யை. கெய்ரோவில் முன்னும் பின்னும் இரண்டு கதவு என்று எழுதினேன் அல்லவா. இங்கே அதையே வேகமாகச் சொல்லி முன்கதவு தேய்ந்துபோயிருக்கிறது.

இன்னும் தெளிவாகக் கேட்டது பக்கத்தில் ஒரு சின்னப் பெண்ணிடம். பாட்டி மிட்டாய் நீட்ட, அவள், "பித்தீஷ்!" என்று தலையைத் திருப்பினாள். பித்தி என்றால் எனக்கு வேணும். ஷ் சேர்த்தால் வேண்டாம். 'இல்லை' என்ற பொருளுக்கு உரிய 'மா' அங்கே இல்லவே இல்லை.

அந்த 'ஷ்' எங்கிருந்து வந்தது என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. 'ஷை' என்றால் பொருள், வஸ்து. முதலில் 'மா' மட்டும் இருந்தது. குவைத்திலும் பாலைவனப் பேச்சிலும் பெரும்பாலும் இன்றும் அது மட்டும்தான். பிறகு அழுத்தத்துக்காக 'ஒரு பொருளும்' என்று கூடச் சேர்த்தார்கள், நாம் 'துளியும் இல்லை' என்பது போல. அது தேய்ந்து 'ஷ்' ஆனது, எகிப்தில் இரண்டும் சேர்ந்தே நின்றது. பாலஸ்தீனம், ஜோர்டான் பக்கத்தில் 'இல்லை' விழுந்துபோய், 'துளியும்' மட்டும் மிஞ்சி, அதுவே இல்லை என்று அர்த்தம் கொடுக்கிறது. நமக்கும் "துளியும்..." என்று நிறுத்தினாலே எதிராளிக்குப் புரியும் அல்லவா, அப்படி. அந்தச் சிறுமியின் ஒரே சொல்லில் பல நூறு வருட நடை இருந்தது. பாட்டி மிட்டாயை என் மகளிடம் கொடுத்துவிட்டார்.

ஏழாம் நாள், வாதி ரம்

நாலு மணி நேரப் பயணம். சிவந்த பாறை, சிவந்த மணல். ராத்திரி கூடாரத்துக்கு வெளியே நெருப்பு. எங்களை அழைத்துவந்தவரின் பெரியப்பா, தன் சின்ன வயதில் ஒட்டகம் தொலைந்த கதையைச் சொன்னார். எனக்கு முழுதும் புரியவில்லை. ஆனால் ஒரு விஷயம் காதில் அடித்துக்கொண்டே இருந்தது. சாயங்காலம் டீ குடிக்கும்போது அவர் "என் தம்பி அகபாவில் இருக்கிறான், பையன்கள் படிக்கிறார்கள்" என்று ஆளை முன்னால் வைத்துத்தான் பேசினார். கதை தொடங்கியதும் வினைகள் முன்னால் ஓடி வந்துவிட்டன. எழுந்தார் அப்பா. ஓடியது ஒட்டகம். "ஜவ் அர்ரிஜால்." வந்தார்கள் ஆட்கள்.

மொராக்கோ, எகிப்து, சிரியா, குவைத் பேச்சுகளை ஒப்பிட்டு 2000-இல் எழுதிய மொழியியலாளர் கிறிஸ்டன் பிரஸ்டாட் இதைத்தான் சொல்கிறார். நான்கிலும் இரண்டு வரிசையும் உண்டு. நடந்ததை அடுத்தடுத்துச் சொல்லும்போது வினை முன்னால் வரும், ஒன்றைப் பற்றிப் பேசும்போது அந்த ஒன்று முன்னால் வரும். படித்தபோது சரி என்று தலையாட்டினேன். நெருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டபோதுதான் அதன் வேகம் புரிந்தது. யார் என்று தெரிவதற்கு முன்பே என்ன நடந்தது என்று தெரிந்துவிடுகிறது. மகளுக்கு அரபி தெரியாது, ஆனாலும் 'ஜவ்' வரும்போதெல்லாம் முன்னால் சாய்ந்தாள்.

அந்த 'ஜவ்' இன்னொன்றையும் சொன்னது. ஃபுஸ்ஹா இலக்கணப்படி வினை முன்னால் வந்தால் அது ஒருமையில்தான் நிற்க வேண்டும். 'வந்தான் ஆட்கள்' என்பது போல, "ஜாஅ அர்ரிஜாலு". பெரியவர் பன்மையில் சொன்னார். இதைத் தப்பு என்று திருத்தும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஆனால் எட்டாம் நூற்றாண்டிலேயே பஸ்ராவில் வாழ்ந்த சீபவைஹி, பாரசீகத்திலிருந்து வந்து அரபிக்கு முதல் பெரிய இலக்கணம் எழுதியவர், அரபிகளில் சிலர் இப்படிப் பேசுகிறார்கள் என்று குறித்து வைத்திருக்கிறார். "அகலூனி அல்பராகீத்", தின்றுவிட்டார்கள் என்னைத் தெள்ளுப்பூச்சிகள் என்ற அவருடைய உதாரணத்தால் அந்த வழக்குக்கே அதுதான் பெயர். ஆயிரத்து இருநூறு வருடம் பழைய தப்பு என்றால் அதைத் தப்பு என்று எப்படிச் சொல்வது?

தூங்கப் போகும்போது மகள், நம்மைப் போல வினையைக் கடைசியில் வைக்கும் அரபி எங்கேயாவது இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது. உஸ்பெகிஸ்தானில் புகாரா பக்கம் சில கிராமங்களில். பல நூற்றாண்டுகள் உஸ்பெக், தாஜிக் மொழிகளோடு வாழ்ந்து அவர்களின் அரபியில் வினை கடைசிக்குப் போய்விட்டது. "ஹஜரா ஃபீது கதாஹா." கல், கையில், எடுத்தான். ஒவ்வொரு சொல்லும் அரபி, நிற்கும் வரிசை நம்முடையது. அவள் இருட்டில் அதை இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள்.

எட்டாம் நாள், அம்மான் திரும்பும் வழி

பாலைவன நெடுஞ்சாலையில் ஒரு டீக்கடை. அடுப்பில் நின்றவர் எகிப்துக்காரர் என்று முதல் சொல்லிலேயே தெரிந்தது. ஜோர்டானில் வேலை பார்க்கும் எகிப்துக்காரர்கள் நிறைய. ஒன்பது வருடமாக இங்கே இருக்கிறாராம்.

லாரி டிரைவர் ஒருவர் வந்தார், ஜோர்டான் ஆள். அவரிடம், "ஷூ பித்தக்?" என்றார் டீக்காரர். என்ன வேணும். 'என்ன' முன்னால். டிரைவர் போனதும் உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த, அவர் ஊரிலிருந்து புதிதாக வந்த பையன் வெளியே எட்டிப் பார்த்தான். அவனிடம், "ஆயிஸ் ஏஹ்?" என்றார். வேணும் என்ன. இரண்டு கேள்விக்கும் நடுவில் அவர் கை டீயை ஆற்றுவதை நிறுத்தவில்லை.

அப்புறம் எங்களைப் பார்த்தார். எந்த ஊர் வாக்கியத்தில் கேட்பது என்று ஒரு கணம் தயங்கினார். அதற்குள் என் மகள் முந்திக்கொண்டு அவரிடம் கேட்டாள்.

"இஸ்மக் ஏஹ், யா அம்மு?"

அவர் டீச்சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, பெயரைச் சொன்னார்.